வெளியே போகப் பார்த்த ஆள்

பெயர்: ஆதார் அட்டையில் உள்ள பெயரை எழுத்தர் மேலே குறித்துக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. ஷட்டர்காரர் என்று கேட்டால் பால்காரர் முதல் பாங்க் மானேஜர் வரை கை நீட்டிக் காட்டுவார்கள். வயது: அறுபத்தெட்டு, பார்த்தால் சொல்ல முடியாது. தொழில்: கடை ஷட்டர், இரும்பு கேட், கிரில் செய்து மாட்டுவது, இப்போது ஓய்வு. படிப்பு: எட்டாவது. ஒன்பதாவதில் நான் உட்கார்ந்தேன், படிப்பு என்னிடம் உட்காரவில்லை. முகவரி: தண்ணீர்த் தொட்டித் தெருவில் பழைய எண் பதினேழு, புது எண் நாற்பது, இரண்டும் சுவரில் பெயின்ட்டில் இருக்கும். வீட்டில் உள்ளவர்கள்: நான்.

மேற்படி நான் யார் மிரட்டலுக்கும் பயந்து அல்லாமல் (பயப்படுகிற ஆளும் நான் இல்லை) என் சொந்தக் கையால் எழுதிக் கொடுப்பது என்னவென்றால், போன வாரம் இதே நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். ஒரு திருடன் என் வீட்டுக்குள் புகுந்தான், ஆறடி உயரம், கத்தியை ஓங்கினான், "கொன்னுடுவேன் கிழவா" என்றான், என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தேன் என்று அதில் சொல்லியிருக்கிறேன். அந்த ஆள் இப்போது பெரிய மருத்துவமனையில் வலது கையில் மாவுக்கட்டோடும், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காவலரோடும் படுத்திருக்கிறார். டாக்டர் விட்டதும் அவரை ஜெயிலுக்கு அனுப்பப் போவது என் பேச்சை நம்பித்தான். ஆகையால் அந்த வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுத்தர் தானே எழுதுவதாகச் சொன்னார். அவர் எழுதினால் உப்புச் சப்பு இருக்காது என்று நான்தான் பேனாவை வாங்கிக்கொண்டேன். எங்கேயாவது தூக்கலாகப் போனால் அடித்துத் திருத்த வேண்டும் என்று உதவி ஆய்வாளர் அம்மா சொல்லியிருக்கிறார்கள்.

என் வீட்டு முன்கதவுத் தாழ்ப்பாள் நானே செய்தது. உலகத்திலேயே இப்படி ஒன்று கிடையாது. (அந்த அம்மா சொன்னபடி திருத்தம்: எங்கள் தெருவில் கிடையாது.) எல்லாரும் திருடன் உள்ளே வராமல் இருக்கத் தாழ்ப்பாள் போடுவார்கள். நான் உள்ளே வந்த திருடன் வெளியே போகாமல் இருக்கப் போட்டேன். கதவு சாத்தியதும் நாக்கு தானாக விழும். உள்ளேயிருந்து திறக்க வேண்டுமானால் இடது கட்டைவிரலால் நாக்கை ஏற்றிப் பிடித்து, முழங்காலால் கதவை முட்டி, அதன் பிறகுதான் பிடியைத் திருப்ப வேண்டும். இந்த வித்தை எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரியும். அவள் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு மட்டும் தெரியும். அதனால் காஸ் சிலிண்டர் போடுகிறவர், மின்சாரக் கணக்கு எடுக்கிறவர், யார் வந்தாலும் வேலை முடிந்ததும் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். நான் போய்த் திறந்து விடும் வரை நாலு வார்த்தை பேசிக்கொண்டிருப்போம். நான் பேசுவேன், அவர்கள் கேட்பார்கள். என் பேச்சு யாருக்கும் பிடிக்கும்.

கதவு எண் விஷயமும் இப்படித்தான். தெருவில் எண்களை மாற்றியபோது எல்லாரும் பழையதை அழித்தார்கள், நான் அழிக்கவில்லை. புதுப் பதினேழு என்பது தெருக்கோடி மாடி வீடு. அங்கே போக வேண்டிய பார்சல்காரர்கள் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். "இது இல்லீங்களா?" என்பார்கள். "இது இல்லை, ஆனா வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பேன். தண்ணீர் கொடுப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

சம்பவ நாளன்று மதியம் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் பை. உயரம் என் காது வரை. (முதல் வாக்குமூலத்தில் உள்ள ஆறடியை இதன் மூலம் நீக்கிக்கொள்கிறேன்.) "சார், பதினேழு தானே? வாஷிங் மிஷின் சுத்தலேன்னு போன் பண்ணியிருந்தீங்களே" என்றார். என் வீட்டில் வாஷிங் மிஷின் கிடையாது. நான் அதைச் சொல்லவில்லை. "வாங்க தம்பி, வாங்க" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதன் பிறகு நான் கதவைச் சாத்தினேன். ஆகவே அவர் புகவில்லை, நான் கூப்பிட்டுத்தான் வந்தார் என்பதை இங்கே எழுதுகிறேன்.

"மிஷின் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். "அது எங்க ஓடிடப் போகுது, அதுக்குத்தான் சுத்தவே வரலியே, மொதல்ல உக்காருங்க" என்றேன். சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு, பல்லெல்லாம் தெரிகிற மாதிரி. அதன் பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். என்ன தொழில் பார்த்தீர்கள் என்று அவராகவே கேட்டார். அவராகக் கேட்டார் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் அதை யாரும் கேட்டு நெடுநாள் ஆகிறது. வெளிநாட்டில் இருக்கிற என் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "மாத்திரை போட்டீங்களா? சாப்பிட்டீங்களா? அப்புறம்?" என்பாள். அவள் அப்புறம் என்றால் போனை வைக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

அதன் பிறகு நான் அவருக்கு பாங்க் ஷட்டர் கதையைச் சொன்னேன். மானேஜர் உள்ளே இருக்கும்போதே பாங்க் ஷட்டர் இறங்கி மாட்டிக்கொண்டதும், ஊரில் உள்ள பூட்டுக்காரர்கள் எல்லாரும் கை விரித்ததும், தீயணைப்பு வண்டி வந்து நின்றதும், மானேஜர் உள்ளேயிருந்து "என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுங்க" என்று அழுததும், என்னைச் சைக்கிளோடு தூக்கிக்கொண்டு போனதும் சொன்னேன். மெக்கானிக் தம்பி முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, "அட! அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார். என் மகளுடைய அப்புறம் மாதிரி இல்லை அது. எனக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. அதனால் கதையை நீட்டினேன். தீயணைப்பு வண்டியை இரண்டாக்கினேன். போலீஸ் கமிஷனரை வரவழைத்தேன்.

அப்போது அவர் போன் அடித்தது. எடுக்காமல் பையில் போட்டார். மறுபடியும் அடித்தது. எழுந்துவிட்டார். "சார், மிஷினைக் காட்டிடுங்க, அடுத்த வீட்டுக்குப் போகணும்" என்றார். அதற்கு மேல் மறைக்க முடியாமல், "மிஷின் இல்ல தம்பி. நீங்க தேடற பதினேழு தெருக்கோடியில இருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "இல்லையா? பின்ன எதுக்கு சார் என்னைய உக்கார வச்சீங்க?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனார்.

பிடியைத் திருப்பினார், வரவில்லை. இழுத்தார், வரவில்லை. "திறங்க சார்" என்றார். "திறக்கறேன், மானேஜர் இன்னும் உள்ளதான இருக்கார், அவர மொதல்ல வெளிய விட்டுடுவோம், உக்காருங்க" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க கதைய நீங்களே வச்சுக்கங்க. எனக்குப் பொழப்பு இருக்கு. திறக்கலேன்னா கழட்டிடுவேன்" என்றார். இதைத்தான் நான் "கொன்னுடுவேன்" என்று முதல் வாக்குமூலத்தில் எழுதச் சொன்னேன். அவர் வாயிலிருந்து வந்த மிரட்டல் இவ்வளவுதான், அதுவும் தாழ்ப்பாளுக்கு.

அதன் பிறகு அவர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளின் ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றிய ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டார். எங்கள் மாதிரி கைவேலைக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கீழே வைத்தால் உருண்டு போய்விடும். பாதியிலேயே தாழ்ப்பாள் ஒரு பக்கமாகத் தொங்கியது. நான் செய்த பொருள் கழன்று தொங்குவதை அன்றுதான் பார்த்தேன். "விடு" என்றேன். வாயில் ஸ்க்ரூ இருந்ததால் அவர் பதில் சொல்லவில்லை. திரும்பவும் இல்லை. கதவு மூலையில் ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பி சாத்தி வைத்திருப்பேன். அதை எடுத்து அவர் கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. நான் அடிக்கும்போது அது என் மார்பைப் பார்த்து இருக்கவில்லை, கதவைப் பார்த்து இருந்தது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு நான் கதவைத் திறந்தேன். கழன்ற தாழ்ப்பாளை ஒரே நொடியில் திறந்தேன். எதிர்வீட்டுத் தங்கச்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், "என்னண்ணே, யாரு அது?" என்றார். நான் "திருடன்" என்றேன். அந்த ஒரே வார்த்தைதான். தெருவே வந்துவிட்டது. மெக்கானிக் தம்பிக்கு இருமல் வந்ததே தவிரப் பேச்சு வரவில்லை. யாரோ கன்னத்தில் ஒன்று வைத்தார்கள். அவர் செருப்பு என் வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டில் கூட்டம் கொள்ளவில்லை. நாற்காலி போதாமல் எதிர்வீட்டில் வாங்கிப் போட்டோம். இதற்கு முன் அப்படி வாங்கிப் போட்டது என் வீட்டுக்காரி போன அன்றுதான், அன்று யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. இப்போது எல்லாரும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த ஆள் ஒரு அங்குலம் வளர்ந்தான். ஸ்க்ரூ டிரைவர் கத்தியாகி, கத்தி அரிவாளாகப் போகும் சமயத்தில் காவலர்கள் வந்துவிட்டதால் கத்தியோடு நின்றது. பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடிய இரண்டாவது ஆள், கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு என் கதையில் வந்தவன். அவனை நிலையத்தில் இன்னும் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தேட வேண்டாம்.

எங்கள் தெருவில் கோர்ட்டு என்று ஒருவர் உண்டு. நீதிமன்றத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர், நீதிபதியை விட அதிகமாகச் சட்டம் பேசுவார். அவர்தான் நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வாசப்படி தாண்டிட்டான்னா முடிஞ்சுது அண்ணே. உங்க வீடு, உங்க உசுரு. நீங்க அடிச்சது அடியே இல்ல, உரிமை. உசுருக்குப் பயந்து அடிச்சேன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த சட்டம் பாத்துக்கும்" என்றார். வழக்கு வந்தால் நான் கூண்டில் ஏறி எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும் என்றும், கேட்பதற்குக் கூட்டம் நிற்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதச் சொன்னால்தான் எழுதுவேன் என்று இருந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, எழுதிவிட்டேன்.

மறுநாள் அந்தத் தம்பியின் மனைவி வந்து என் கேட்டுக்கு வெளியே நின்றார். நாங்கள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். "அவரு பை இங்க இருக்குங்களா? மத்தவங்க வீட்டு பார்ட்ஸ் அதுல இருக்கு, போன் மேல போன் வருது" என்றார். பை நிலையத்தில் இருக்கிறது என்றேன். அதன் பிறகு, வழக்கம் போல வாய் வந்துவிட்டது, "வெயில்ல நிக்காத, உள்ள வாம்மா" என்றேன். அந்தப் பெண் என் கதவைப் பார்த்தது. "வேணாங்க. உங்க வீட்டுக்குள்ள வந்தவங்க எப்படித் திரும்பி வராங்கன்னு பாத்துட்டுத்தான் வரேன்" என்றது. எதிர்வீட்டுத் தங்கச்சி, "திருடன் பொண்டாட்டிக்கு வாயப் பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கடுத்த நாள் உதவி ஆய்வாளர் அம்மா இடத்தைப் பார்வையிட வந்தார்கள். கோர்ட்டும் கூட இருந்தார். அந்த அம்மாவிடம் மெக்கானிக் தம்பியின் எக்ஸ்ரே படம் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். வயிற்றுப் பகுதியில், விலா எலும்புக்குக் கீழே, ஒரு ஸ்க்ரூ படுத்திருந்தது. அதைச் சுற்றியிருக்கிற புரி கூடத் தெரிந்தது. "அடி விழுந்தப்போ முழுங்கிட்டேன்னு அவர் சொல்றார். தானாப் போயிடும்னு டாக்டர் பாத்துக்கிட்டிருக்கார். போகலேன்னா வயித்தக் கிழிக்கணும்" என்றார்கள். அதன் பிறகு என் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார்கள். நான் அதற்குள் வேறு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தேன். புதுசு மட்டும் பளபளவென்று இருந்தது.

"உள்ள இருந்துக்கிட்டு உள்பக்கத் தாழ்ப்பாளக் கழட்டறவன் உள்ள வரப் பாக்கறானா, வெளிய போகப் பாக்கறானா?" என்று அந்த அம்மா கேட்டார்கள். கோர்ட்டு விடவில்லை. "தப்பிச்சுப் போகப் பாத்த திருடன்னு வச்சுக்குங்கம்மா. அதுவும் எங்களுக்குச் சாதகம்தான்" என்றார். அவர்கள் எக்ஸ்ரே படத்தை உறையில் போட்டார்கள். நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

அவர்கள் புறப்படுவதற்காகக் கதவின் பிடியைத் திருப்பினார்கள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கிவிட்டது. "அது அப்படியெல்லாம் திறக்காதும்மா. உக்காருங்க, அந்தத் தாழ்ப்பாளுக்கே ஒரு கதை இருக்கு, சொல்றேன்" என்றேன்.

அந்த அம்மா பிடியிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார்கள். "இதத்தான் அவர்கிட்டயும் சொன்னீங்களா?" என்றார்கள்.

அவர்கள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. எப்போது திறப்பான் என்று பார்க்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. சிலிண்டர்காரர், கணக்கு எடுக்கிறவர், பார்சல்காரர்கள், எல்லாரும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கதை சுவாரசியம் என்று கண் அப்படி ஆகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு கட்டைவிரலால் நாக்கை ஏற்றி, முழங்காலால் முட்டிக் கதவைத் திறந்து விட்டேன். அவர்கள் படியில் இறங்கி நின்று, "வீட்டுக்குள்ள வந்து ஒருத்தன் உங்கள அடிக்க வந்தா நீங்க திருப்பி அடிக்கலாம் பெரியவரே, அதுக்கு நான் கேஸ் போட மாட்டேன். ஆபத்து இருக்கற வரைக்கும்தான் அந்த உரிமை. கதவத் திறன்னு கேக்கறது ஆபத்தில்ல" என்றார்கள். பிறகு, "உங்க வாக்குமூலம் அப்படியே இருந்தா அவர் உள்ள போவார். மாத்தினா நீங்க கேஸ்ல வருவீங்க. நான் கட்டாயப்படுத்தல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்கள். கோர்ட்டு என் தோளைத் தட்டி, "மாத்தாதீங்க அண்ணே, ஊரே உங்க பக்கம்" என்றார். அது உண்மைதான். நேற்றுச் சாயங்காலமும் ஊர் என் வீட்டில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது ஆளைப் பற்றி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல வரவில்லை. தலைவலி என்று சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், எல்லாரும் போனார்கள்.

இன்று காலை நானாக நடந்து நிலையத்துக்கு வந்தேன். ஆட்டோவில் வரவில்லை. (இரண்டு மைல் என்று எழுதியிருந்தேன், ஒரு மைல் கூட இருக்காது.)

வீட்டுக்காரனுக்குத் தன் வீட்டைக் காக்க உரிமை உண்டு என்பதை நான் இப்போதும் மறுக்கவில்லை. கதவை உடைத்துக்கொண்டு வருகிறவனுக்கு நாற்காலி போட முடியாது. ஆனால் இந்தத் தம்பி என் கதவை உடைத்து வரவில்லை, என் மேல் கை வைக்கவில்லை, என் வீட்டிலிருந்து ஒரு துரும்பு எடுக்கவில்லை, வயிற்றில் இருக்கிற ஸ்க்ரூவைத் தவிர. அதுவும் நான் போட்ட அடியில் போனது. அவரை உடனே விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் பையை அவர் வீட்டில் சேர்க்க வேண்டும். கை கூடும் வரை அவர் வேலைக்குப் போக முடியாது என்பது எனக்குத் தெரியும், நானும் கைவேலைக்காரன். அதற்கு நீதிமன்றம் என்ன சொல்கிறதோ அதைச் செய்வேன்.

கடைசியாக, அடித்த நேரத்தில் எனக்கு உயிர்ப்பயம் இருந்ததா என்று கேள்வி இருக்கிறது. கோர்ட்டு இதற்கு ஆம் என்று எழுதச் சொல்லியிருந்தார். பயம் இருந்தது. பொய் இல்லை. அவர் என்னை ஏதாவது செய்துவிடுவார் என்று இல்லை. அடுத்த ஸ்க்ரூவும் கழன்றால் கதவு திறந்துவிடும், அவர் போய்விடுவார், அதன் பிறகு சாயங்காலம் வரும், நான் விளக்கைப் போட வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். இல்லை என்றார்கள்.

மேலே உள்ளவை யாரும் சொல்லிக் கொடுக்காமல், அடிக்காமல், ஆசை காட்டாமல் நானாக எழுதியவை. என் அறிவுக்கு எட்டியவரை எல்லாம் நடந்தவை. கூட்டிய இடங்களை அடித்துக் காட்டியிருக்கிறேன். எழுதினால் இன்னும் எழுதலாம், எனக்கு விஷயத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எழுத்தர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரமாக எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே இத்துடன் நிறுத்தி, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ஷட்டர்காரர்